கொடுக்கு முளைத்த தேனீ

(திருவண்ணாமலையில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், "நாட்டைக் காப்பதில் பெரிதும் துணை நிற்பது ஆயுதமா? ஆளா?" என்ற தலைப்பில், "ஆளே" என்னும் அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்திருக்கிற ஆயுதப் பிரியர்களே! என் அணியைச் சேர்ந்த ஆட்களே! மலை தெரிகிற இந்தத் திடலிலே சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! 

எனக்கு முன்னாலே பேசிய தம்பி எஞ்சினீயரிங் படிச்சவர். பத்து நிமிஷமும் ஒரே ஒரு பொருளைப் பத்தியே பேசினார். ட்ரோன். ஆளில்லாத விமானம். "விமானத்துக்கே ஆள் வேண்டாம்னு ஆயிடுச்சு, இனிமே ஆள் அணிக்கு இந்த மேடையிலே என்ன வேலை?"ன்னு எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா இருந்தா தட்ட வேண்டியதுதானே!

ஆனா நடுவர் அவர்களே, அந்தத் தம்பி அவசரத்திலே கணக்கைப் பாதிதான் சொன்னார். மீதியை நான் சொல்றேன். எதிரணிக்கு நானே வக்கீலா நிக்கிறேன். தமிழ் வாத்தியாருக்கு விமானத்தைப் பத்தி என்ன தெரியும்னு நினைக்காதீங்க. கப்பல் படையிலே இருந்து ஓய்வு பெற்ற என் பழைய மாணவன் ஒருத்தன், ஒரு வாரம் வீட்டுக்கு வந்து எனக்குப் பாடம் எடுத்தான். நான் அவனுக்கு யாப்பிலக்கணம் நடத்தினப்போ அவன் தூங்கினான். அவன் எனக்கு நடத்தினப்போ நான் தூங்கலை. (சிரிப்பு)

முதல்லே ஒண்ணு தெளிவு பண்ணிக்குவோம். கல்யாண வீட்டிலே பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு மேலே கிர்ருன்னு சுத்துதே, அது பொம்மை. கார்த்திகை தீபத்தன்னைக்குக் கூட்டத்தைப் பார்க்கப் போலீஸ்காரங்க பறக்க விடறாங்களே, அது குழந்தை. தம்பி சொன்னது அது இல்லை. அவர் சொன்னது எம்க்யூ-9பி. அமெரிக்காவிலே கலிபோர்னியா, சான் டியாகோவிலே இருக்கிற ஜெனரல் அட்டாமிக்ஸ் கம்பெனி செய்யறது. இறக்கைக்கு இறக்கை 79 அடி. உடம்பு 38 அடிதான். நம்ம ஊர் ராஜகோபுரம் 217 அடி. இந்த விமானம் மூணை இறக்கையோடு இறக்கை ஒட்டிச் செங்குத்தா நிறுத்தினா கோபுரத்தைத் தாண்டி நிக்கும். பார்த்துக்குங்க!

எவ்வளவு உயரம் போகும்? 40,000 அடிக்கு மேலே. நம்ம அண்ணாமலை 2,668 அடி. ஒரு மலை மேலே ஒரு மலையா பதினஞ்சு அண்ணாமலையை அடுக்கி, அந்த உச்சியிலே தீபம் ஏத்தினா எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்திலே நிக்கும். எவ்வளவு நேரம்? ஆயுதம் எதுவும் மாட்டாம போனா 40 மணி நேரம். கிரிவலம் 14 கிலோமீட்டர். நிதானமா நடந்தா நாலு மணி நேரம். அப்படிப் பத்து தரம் நீங்க மலையைச் சுத்தி முடிக்கிற வரைக்கும் அது இறங்காது, சாப்பிடாது, கால் வலிக்குதுன்னு வாசல்லே உட்காராது. வேகம் அதிகம் இல்லை, மணிக்குச் சுமார் 390 கிலோமீட்டர். பின்னாலே ஒரு காத்தாடி, அதைச் சுத்த வைக்க ஒரு டர்போ எஞ்சின். அவசரமே படாது. அதுதான் அதோட பலம். அவசரப்படாதவனைப் பார்த்துத்தான் பயப்படணும்.

எரிபொருளோட கிளம்பறப்போ எடை 5,670 கிலோ வரைக்கும் போகும். இறக்கையிலேயும் வயித்திலேயும் ஆயுதம் மாட்ட ஒன்பது கொக்கி. வெளியிலே மட்டும் சுமார் 1,800 கிலோ தாங்கும். ராத்திரியிலே உடம்புச் சூட்டை வச்சே ஆளைக் காட்டற காமிரா இருக்கு. மேகம் மறைச்சாலும் கீழே இருக்கிறதைப் படமா எழுதற ரேடார் இருக்கு. தானே ஏறும், தானே இறங்கும். கடல்லே ஒரு கப்பலைப் பார்த்துட்டா, அது எங்கே போனாலும் கண்ணை எடுக்காது.

என்ன தம்பி, போதுமா? உங்க கட்சிக்கு நான் போட்ட ஓட்டு சரியா இருக்கா? (கைதட்டல்)

இது ஏதோ அமெரிக்காக்காரன் கதைன்னு நினைக்காதீங்க. அரக்கோணத்திலே இருக்கு! நம்ம பழைய வடஆற்காடு மாவட்டம்தானே. 1989-லே பிரிச்சு நமக்குத் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆச்சு. அரக்கோணத்திலே கப்பல் படையோட விமானத் தளம் ஒண்ணு 1992-லே தொடங்கினாங்க. பேரு ஐ.என்.எஸ். ராஜாளி. ராஜாளின்னா மேலேயே வட்டம் போட்டுக்கிட்டு இருந்து, இரையைக் கண்டதும் பாயற பெரிய பறவை. என்ன பொருத்தமான தமிழ்ப் பேரு பாருங்க! 2020 நவம்பரிலே அங்கே இந்த வகை விமானம் ரெண்டு, குத்தகைக்கு வந்துது. ஆயுதம் கிடையாது, கடலைக் கண்காணிக்க மட்டும். அந்த ரெண்டிலே ஒண்ணைப் பத்தி எனக்கு ஒரு கதை இருக்கு. கடைசியிலே சொல்றேன். நடுவர் மணி அடிக்கிறதுக்குள்ளே ஞாபகப்படுத்துங்க.

2024 அக்டோபர் 15-ஆம் தேதி, ஆயுதத்தோட 31 விமானம் வாங்க டெல்லியிலே ஒப்பந்தம் ஆயிருக்கு. கப்பல் படைக்கு 15, தரைப்படைக்கு 8, விமானப்படைக்கு 8. சுமார் 32,000 கோடி ரூபா. தரையிலே இருந்து ஓட்டற நிலையம், ஏவுகணை, பராமரிப்பு எல்லாம் சேர்த்துத்தான். இருந்தாலும் வகுத்துப் பாருங்க, ஒண்ணுக்கு ஆயிரம் கோடி சொச்சம். என் வீட்டுக்காரம்மா இதைக் கேட்டுட்டு, "ஆயிரம் கோடி கொடுத்து வாங்கற வண்டியிலே உட்கார சீட்டு கூட இல்லையா?"ன்னு கேட்டாங்க. (சிரிப்பு)

சிரிக்காதீங்க, நல்ல கேள்வி அது. உள்ளே சீட்டு இல்லை. ஆனா வெளியே எத்தனை சீட்டு தெரியுமா? ஓட்ட ஒருத்தர். காமிராவையும் லேசரையும் பிடிக்க ஒருத்தர். இவங்க ரெண்டு பேரும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஏ.சி. அறையிலே உட்கார்ந்திருப்பாங்க. அவங்க அசைச்ச கை செயற்கைக்கோள் வழியாப் போய்ச் சேர, பார்த்த படம் திரும்பி வர ஒரு விநாடிக்கும் மேலே ஆகும். இன்னும் படத்தைப் பார்த்துச் சொல்றவர், பேச்சை ஒட்டுக் கேட்கிறவர், உத்தரவு போடறவர், சட்டம் சொல்றவர், பெட்ரோல் போடறவர், பழுது பார்க்கிறவர். ஒரு இடத்துக்கு மேலே இருபத்துநாலு மணி நேரமும் கண் வச்சிருக்கணும்னா நூறு பேருக்கு மேலே வேலை செய்யணும்னு அமெரிக்க விமானப்படைக் கணக்கே சொல்லுது. பேரு மட்டும் ஆளில்லா விமானம்! இவ்வளவு ஆளை வச்சுக்கிட்டு ஆளில்லைன்னு சொல்ற ஒரே வீடு இதுதான். (கைதட்டல்)

ட்ரோன்ங்கிற சொல்லுக்கு என்ன பொருள்? வாத்தியார் புத்தி, விடாது. ட்ரோன்னா ஆண் தேனீ. 1935-லே இங்கிலாந்திலே, பீரங்கிக்காரங்க சுட்டுப் பழகறதுக்காக ஆளில்லாம பறக்கிற விமானம் ஒண்ணு செஞ்சாங்க. அதுக்கு ராணித்தேனீன்னு பேரு வச்சாங்க. அதை ஒட்டித்தான் இந்த ஆண் தேனீங்கிற பேரும் வந்ததுன்னு சொல்வாங்க. ஆண் தேனீக்கு ரெண்டு லட்சணம். ஒண்ணு, கூட்டிலே ஒரு வேலையும் செய்யாது. (பெண்கள் பக்கம் பலத்த கைதட்டல்) அம்மா, தேனீயைத்தான் சொன்னேன்! ரெண்டாவது, அதுக்குக் கொடுக்கு கிடையாது. கொட்டாது.

இந்த விமானமும் கொட்டாமத்தான் இருந்தது. பாக்தாத்திலே பிறந்து, இஸ்ரேலிலே வளர்ந்து, அமெரிக்கா போன ஆபிரகாம் காரெம்னு ஒரு எஞ்சினீயர், லாஸ் ஏஞ்சல்ஸிலே தன் வீட்டுக் கார் கொட்டகையிலே உட்கார்ந்து செஞ்ச விமானம்தான் இதுக்கெல்லாம் பாட்டன். அந்த வம்சத்திலே வந்த பிரிடேட்டர் 1995-லே போஸ்னியாவுக்கு மேலே பறந்தப்போ, வெறுமே பார்த்துச்சு, படம் எடுத்துச்சு, அவ்வளவுதான். 2001 பிப்ரவரியிலே அதோட இறக்கையிலே ஹெல்ஃபயர் ஏவுகணையைக் கட்டிச் சுட்டுப் பார்த்தாங்க. அந்த வருஷம் அக்டோபரிலேயே ஆப்கானிஸ்தானத்திலே நிஜமாச் சுட்டாங்க. தேனீக்குக் கொடுக்கு முளைச்ச வருஷம் 2001. அடுத்து வந்த பெரிய அண்ணன் பேரு ரீப்பர், அதாவது அறுவடைக்காரன். நம்ம புறப்பாட்டிலேயும் போர்க்களத்தை அறுவடைக்களமாப் பாடியிருக்காங்க. ஆனா அங்கே அறுக்கிறவன் களத்திலே நிப்பான், வெயிலிலே நிப்பான்.

அந்த ஹெல்ஃபயர் ஒண்ணோட எடை அம்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மூட்டை அரிசி கனம்னு வச்சுக்குங்க. காமிராக்காரர் லேசர் ஒளியை இலக்கு மேலே வைப்பார். ஏவுகணை அந்த ஒளிப்புள்ளியைத் தேடிப் போகும். போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் புள்ளி நகரக் கூடாது. அதை வைக்கிறது ஒரு மனுஷன் கை, எங்கே வைக்கணும்னு சொல்றது ஒரு மனுஷன் மூளை. தம்பி விட்டுட்ட பாதிக் கணக்கு இதுதான்.

இங்கே நான் ஒண்ணை ஒத்துக்கணும். இங்கிருந்து வேலூர் போற வழியிலே, கணியம்பாடி பக்கம், கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர். ராணுவப்பேட்டைன்னே அதுக்குப் பேரு. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். அந்த ஊர்த் தாய் ஒருத்தி, "என் பிள்ளைக்குப் பதிலா இந்த இரும்பு போகட்டுமே"ன்னு சொன்னா, எனக்குப் பதில் பேச வாய் வராது. கார்கிலிலே 1999-லே 527 வீரர்களைக் கொடுத்திருக்கோம். தம்பி இதைச் சொன்னப்போ கண்ணைத் துடைச்சீங்க. அது நியாயமான கண்ணீர். பிள்ளை உயிரோட வீட்டுக்கு வரணும், அதுக்கு இயந்திரம் வேணும்னா வேணும். நான் இயந்திரம் வேண்டாம்னு சொல்ல வரலை. அதைப் பார்க்கிற கண் யாரோடதுங்கிறதுதான் என் வழக்கு.

காபூல் போவோம். 2021 ஆகஸ்ட் 26. அமெரிக்கப் படை ஊரைக் காலி பண்ணிக்கிட்டு இருக்கு. விமான நிலைய வாசல்லே தற்கொலைக் குண்டு வெடிச்சு 13 அமெரிக்க வீரர்களும், நூத்தி எழுபது பேர் அளவுக்கு ஆப்கன் மக்களும் செத்துப் போனாங்க. மறுபடியும் குண்டு வரும்னு தகவல். எல்லாருக்கும் பதட்டம். ஆகஸ்ட் 29. வானத்திலே ரீப்பர். கீழே ஒரு வெள்ளை டொயோட்டா கார். அதை எட்டு மணி நேரம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. இங்கே நிக்குது, அங்கே நிக்குது, யாரையோ ஏத்துது, இறக்குது. சாயங்காலம், பெரிய பெரிய கேன்களைத் தூக்கி வண்டியிலே வைக்கிறாங்க. ஆஹா, வெடிமருந்துன்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்தக் கார் ஒரு வீட்டு முற்றத்துக்குள்ளே போய் நின்னப்போ ஏவுகணையை விட்டாங்க. குறி தப்பலை. எந்தக் காரை நினைச்சாங்களோ அந்தக் கார்லேயே விழுந்துச்சு.

கேன்லே என்ன இருந்தது தெரியுமா? தண்ணி.

நம்ம ஊர்லே கோடையிலே டி.வி.எஸ்.50 வண்டியிலே ரெண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கிட்டுப் போறாங்களே, அதேதான். அவர் ஒரு தொண்டு நிறுவனத்திலே வேலை பார்த்தவர். பசிச்சவங்களுக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற, அதுவும் ஒரு அமெரிக்க நிறுவனம். வீட்டுக்குத் தண்ணி கொண்டு போயிருக்கார். பத்துப் பேர் செத்தாங்க. அதிலே ஏழு பேர் குழந்தைங்க. முதல்லே சரியான தாக்குதல்னாங்க. பத்திரிகைக்காரங்க நேரே போய் விசாரிச்சு எழுதினதுக்கு அப்புறம், செப்டம்பர் 17-ஆம் தேதி, தப்பு நடந்துபோச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. நவம்பரிலே இன்னொண்ணும் சொன்னாங்க. ஏவுகணை கிளம்பறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாலே, அந்த வீட்டிலே ஒரு குழந்தை இருந்தது விமானத்துப் படத்திலேயே பதிவாகியிருக்கு. காமிரா பார்த்துடுச்சு. காமிராவைப் பார்த்துக்கிட்டு இருந்தவங்க பார்க்கலை.

நடுவர் அவர்களே, இது எந்த ஊர்? மேலே போய்ப் பார்த்துட்டு வந்து பொய் சொன்ன கதை நடந்த ஊர். அடியையும் முடியையும் தேடினப்போ திருமால் பன்றியா மண்ணைத் தோண்டினார். முடியலைன்னு வந்து ஒத்துக்கிட்டார். பிரமன் அன்னமாப் பறந்தார். முடியைப் பார்க்கலை. பார்த்தேன்னு சொன்னார், தாழம்பூவைச் சாட்சிக்குக் கூட்டி வந்தார். அண்ணாமலையார் ஒத்துக்கலையே! பிரமனுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குப் பூசையிலே இடமில்லைன்னு ஆச்சு. உயரப் பறந்தவனுக்கு எல்லாம் தெரியும்ங்கிற எண்ணத்தை அப்பவே உடைச்ச தலம் இது. இந்த ஊர்லே வந்து பறக்கிறதோட பெருமையைப் பேசலாமா தம்பி? (நீண்ட கைதட்டல்)

எதிரணியிலே இருந்து ஒரு சீட்டு வந்திருக்கு. "காபூலில் தப்புப் பண்ணினது ஆள்தானே? ஆயுதம் சரியாகத்தானே போனது?" நல்லா கேட்டீங்க. இதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆமாம் ஐயா, ஆள்தான்! அவன் சரியாப் பார்த்தா நாடு பிழைக்கும், தப்பாப் பார்த்தா ஏழு குழந்தைங்க சாகும். ஆயிரம் கோடி இயந்திரம் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் பறக்கும். அப்போ தலைப்பிலே பெரிதும்னு ஒரு சொல் இருக்கே, அது யாருக்கு? சீட்டுக்கு நன்றி.

இந்தப் பார்வைக்குக் கீழே வாழறது எப்படி இருக்கும்னு நம்ம ஆட்களே சொல்லிக் கேட்டிருக்கேன். லண்டன் பக்கம் ஒரு தமிழ்ச் சங்க விழாவுக்குப் போயிருந்தேன். முடிஞ்சதும் ஈழத்து அம்மா ஒருத்தர் வந்து பேசினாங்க. வன்னியிலே கடைசி யுத்தம் வரைக்கும் இருந்தவங்க. அங்கே இலங்கை விமானப்படையோட ஆளில்லா வேவு விமானம் சுத்தும். ஆயுதம் இல்லாதது, படம் மட்டும் எடுக்கும். அதுக்கு நம்ம சனங்க வச்ச பேரு "வண்டு." "வண்டு சுத்தினா பின்னால ஷெல் வரும் எண்டு தெரியும் ஐயா. பிள்ளையளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ள ஓடுவம். இப்பவும் பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுற மெஷினைப் போட்டா நான் மேலதான் பாக்கிறன்"னாங்க.

வண்டு! சங்கப் பாட்டிலே காதலி கூந்தல் மணத்தைப் பத்திச் சொல்லுன்னு கேட்டானே ஒரு தலைவன், வண்டைத்தானே கேட்டான். தருமிக்குப் பொற்கிழி வாங்கிக் கொடுத்ததும் அந்தப் பாட்டுத்தானே. நாப்பது வருஷமா வண்டைப் பத்தி வகுப்பெடுக்கிற ஆசிரியர் பரம்பரை நாங்க. அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் வந்து சேர்ந்துடுச்சேன்னு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

(மணி ஒலி)

ரெண்டு நிமிஷம், நடுவர் அவர்களே. இராமாயணத்துக்கு வந்துட்டேன், இதிலே மணி அடிச்சாப் பாவம்.

மேகத்துக்குள்ளே மறைஞ்சு நின்னு, கண்ணுக்குத் தெரியாம அம்பு விட்டவன் இந்திரசித்து. கீழே இருக்கிறவன் யார் அடிக்கிறான்னே தெரியாம விழறான். இலக்குவன் பொறுக்க முடியாம, பிரமாத்திரத்தை விட்டுடறேன் அண்ணான்னு கேட்கிறான். இராமன் விடலை. ஒருத்தனை அடிக்கப் போய் உலகமே அழியும், வேண்டாம்ங்கிறான். ஆயுதம் கையிலே இருக்கு, கோபமும் இருக்கு, எதிரியும் எதிரிதான். ஆனாலும் கையைப் பிடிக்க ஒரு அண்ணன் இருந்தான். பிறகு இந்திரசித்து எப்படி மாண்டான்? நிகும்பலையிலே யாகம் பண்றான், முடிக்க விடாதேன்னு வீடணன் வந்து சொன்னான். பக்கத்திலே இருந்து பழகினவன் சொன்ன தகவல் அது. வானத்திலே இருந்து எடுத்த படம் இல்லை.

இப்போ அரக்கோணத்துக் கதை. யாரும் ஞாபகப்படுத்தலை, நானே சொல்லிடறேன். குத்தகைக்கு வந்த ரெண்டிலே ஒண்ணு, 2024 செப்டம்பர் 18-ஆம் தேதி மத்தியானம் பறந்துக்கிட்டு இருக்கு. தொழில்நுட்பக் கோளாறு. சரி பண்ணப் பார்த்தாங்க, முடியலை. டன் கணக்கிலே எடை, உள்ளே எரிபொருள், பக்கத்திலே சென்னைப் பட்டணம். தரையிலே உட்கார்ந்து ஓட்டினவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? அதை ஆள் இல்லாத பாதுகாப்பான கடல் பகுதிக்குக் கொண்டு போய், கட்டுப்பாட்டோட வங்காள விரிகுடாவிலே இறக்கிட்டாங்க. விமானம் போச்சு. ஒரு உயிர் போகலை. மறுநாள் பத்திரிகையிலே விமானத்தோட படம் இருந்தது, இறக்கை நீளம் இருந்தது, விலை இருந்தது. ஓட்டினவங்க பேரு இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

அவங்களுக்காகத்தான் நடுவர் அவர்களே, இன்னைக்கு நான் இந்த அணியிலே உட்கார்ந்தேன். தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்கன்னு கேட்டுக்கொண்டு அமைகிறேன்.